அரசியலமைப்பு இரவல் நகையா? ஜப்பானிலிருந்து வந்த ஒரு வரியைப் பற்றிக் கேள்வி

விருதுநகர் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அரசியலமைப்பு பாடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்கிற அந்த அட்டவணை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிரிட்டன் என்றால் நாடாளுமன்ற முறை, அமெரிக்கா என்றால் அடிப்படை உரிமைகள், அயர்லாந்து என்றால் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள், ஆஸ்திரேலியா என்றால் பொதுப் பட்டியல், ஜப்பான் என்றால் 'சட்டம் வகுத்த நடைமுறை'.

நேற்று ராத்திரி இதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் படுத்திருந்த என் தாத்தா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆளுக்கு ஒரு நகை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கிறதே! நம்முடையது என்று ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் அந்தக் கேள்வி எனக்கும் உண்டு.

எல்லா நாட்டையும் விட்டுவிட்டு ஜப்பான் வரியை மட்டும் கேட்கிறேன், அதுதான் விளங்கவே இல்லை. ஜப்பானின் புது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததே 1947 மே மாதம். நம்முடைய வரைவு வெளியானது 1948 பிப்ரவரி. இடையில் 9 மாதம்தான். அந்த நாடு போரில் தோற்று அமெரிக்கப் படையின் கீழ் இருந்த நேரம் அது. அங்கே எழுதின ஒரு வரி டெல்லிக்கு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள்?

அடுத்தது அந்த வரியின் பொருள். சட்டப்பிரிவு 21: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. சட்டம் போட்டுவிட்டால் பறிக்கலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்? இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? கைடு புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் இல்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.


திண்டுக்கல் பயிற்சியாளர்:

தங்கச்சி, முதலில் தேர்வுக்கான பதில்: ஜப்பான். அதில் சந்தேகமே வேண்டாம், அப்படியே எழுதுங்கள்.

ஆனால் அந்த அட்டவணையை வரலாறு என்று நம்பிவிடாதீர்கள். பதினோரு வருடமாக இதை நடத்துகிறேன், ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்கிறேன். சில புத்தகங்களில் 'அடிப்படைக் கடமைகள், சோவியத் ரஷ்யா' என்று அதே அட்டவணையில் இருக்கும். அது 1976-ல் 42-வது திருத்தத்தில் வந்தது. அரசியல் நிர்ணய சபை எழுதினதில் அடிப்படைக் கடமைகள் என்ற பகுதியே கிடையாது. 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம், பிரான்ஸ்' என்று இருக்கும். அம்பேத்கர் 1954-ல் வானொலியில் பேசும்போது, இந்த மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, தன் ஆசான் புத்தரின் போதனையிலிருந்து எடுத்துக்கொண்டதாகவே சொன்னார். இதற்கெல்லாம் அட்டவணையில் கட்டம் இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாக எடுத்தது 1935-ஆம் வருட இந்திய அரசுச் சட்டத்திலிருந்து. 1948 நவம்பர் 4 அன்று வரைவைச் சபையில் வைத்துப் பேசியபோது அம்பேத்கரே இதைச் சொன்னார். இதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரிடமும் காப்புரிமை கிடையாது என்றார். 1935 சட்டத்திலிருந்து எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்கள்தான் என்பதில் மட்டும் தனக்கு வருத்தம் என்றும் சொன்னார். தாத்தாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜப்பான் வரி எப்படி வந்தது என்பதை என்னைவிட ஒரு வக்கீல் சொன்னால்தான் சரியாக இருக்கும். இங்கே ஒருவர் இருக்கிறார், பார்த்தால் நிச்சயம் எழுதுவார்.


மதுரை வக்கீல்:

பார்த்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மா. 24 வருடமாக வக்கீல் தொழில். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நான் போடுவது பெரும்பாலும் ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது அடைத்துவைத்த ஆளைச் சட்டப்படி விடுவிக்கக் கேட்கும் மனுக்கள். நீங்கள் கேட்கிற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் நீதிமன்றத்தில் நிற்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் முதல் கேள்வி புரியும். 'சட்டம் போட்டுவிட்டால் பறிக்கலாமா' என்று கேட்டீர்களே, 1948-ல் சபையில் நடந்த சண்டையே அதுதான்.

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் 1791-ல் வந்தது. உரிய சட்ட முறை இல்லாமல் யாருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. 1868-ல் வந்த பதினான்காவது திருத்தம் அதையே மாநிலங்களுக்கும் சொல்கிறது. நாங்கள் கோர்ட்டில் இதை 'டியூ ப்ராசஸ்' என்றே சொல்வோம். இந்தச் சொல் இருந்தால் நீதிபதி இரண்டு கேள்வி கேட்கலாம். ஒன்று, அதிகாரி சட்டப்படி நடந்தாரா. இன்னொன்று, அந்தச் சட்டமே நியாயமானதா. 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று எழுதினால், எழுத்துப்படி பார்த்தால், முதல் கேள்வியோடு நீதிபதி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் முதல் சொல்தானே நல்லது? 1947-ல் நம் ஆட்கள் முதலில் எழுதினதும் அதைத்தான். அரசியலமைப்பு ஆலோசகராக இருந்த பி. என். ராவ் அந்த அக்டோபரில் தயாரித்துக் கொடுத்த முதல் வரைவில் 'டியூ ப்ராசஸ்' இருந்தது. அவர் சபை உறுப்பினர் இல்லை. பிரிட்டிஷ் காலத்து ஐசிஎஸ் அதிகாரி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். உலக நாடுகளின் அரசியலமைப்புகளிலிருந்து தேவையான பகுதிகளைத் தொகுத்து உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தவரும் அவர்தான். பர்மாவின் அரசியலமைப்பு எழுதவும் உதவியிருக்கிறார். வரைவைக் கொடுத்துவிட்டு அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று ஒரு சுற்றுப் போனார். எழுதினதை எடுத்துக்கொண்டு, அதே மாதிரிச் சட்டத்தோடு வாழ்ந்து பார்த்தவர்களிடம் போய் இது சரிப்படுமா என்று கேட்ட பயணம் அது.

வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைப் பார்த்தார். அந்தச் சொல் வேண்டாம் என்றார் ஃபிராங்க்ஃபர்ட்டர். மக்கள் பிரதிநிதிகள் போட்ட சட்டத்தைச் சில நீதிபதிகள் தடுத்துவிடும் அதிகாரம் ஜனநாயகத்துக்கு ஒவ்வாது, நீதித்துறை மீதும் அது நியாயமில்லாத சுமையை ஏற்றும் என்பது அவர் கருத்து.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது முக்கியம். கைடில் இது வராது. 1905-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. பேக்கரித் தொழிலாளியை நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று மாநிலம் போட்ட சட்டம். முதலாளியும் தொழிலாளியும் ஒப்பந்தம் செய்துகொள்கிற 'சுதந்திரத்தை' அது பறிக்கிறது என்று சொல்லி, இதே டியூ ப்ராசஸ் சொல்லை வைத்து உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. 1923-ல் இன்னொன்று. வாஷிங்டனில் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டமும் அதே மாதிரிப் போனது. அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற நின்று வாதாடித் தோற்ற வக்கீல் யார் தெரியுமா? இதே ஃபிராங்க்ஃபர்ட்டர். 24 வருடம் கழித்து, புதிதாகச் சுதந்திரம் வாங்கின நாட்டிலிருந்து ஒருவர் வந்து கேட்கும்போது, ஒரு வக்கீல் தான் தோற்ற வழக்கை மனதில் வைக்காமல் பேசியிருக்க முடியாது. எனக்கும் அப்படித் தோற்ற வழக்குகள் உண்டு, முகங்களோடு சேர்ந்து நினைவில் நிற்கும்.

இங்கே டெல்லியில் அதே பயம் வேறு உருவத்தில் ஏற்கெனவே இருந்தது. ஜமீன் ஒழிப்பு. ஐக்கிய மாகாணத்தின் (இன்றைய உத்தரப் பிரதேசம்) கோவிந்த வல்லப பந்த், இந்தச் சொல் இருந்தால் குத்தகைச் சட்டங்களை நீதிபதிகள் முடக்கிவிடுவார்கள் என்று 1947 ஏப்ரலிலேயே ஆலோசனைக் குழுவில் எச்சரித்தார். நம் சென்னை மாகாணத்திலும் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. என் அப்பாவின் அப்பா சிவகங்கை ஜமீனுக்குத் தீர்வை கட்டி உழுதவர். ராவ் செய்தது தவறு என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியாததற்கு அவரும் ஒரு காரணம். அந்தப் பயம் கற்பனையும் இல்லை. 1951-ல் பீகாரின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, சமத்துவ உரிமையைக் காட்டி. நம் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஜப்பான். ராவ் திரும்பி வந்தபின் வரைவுக் குழு 'டியூ ப்ராசஸ்' என்பதை எடுத்துவிட்டு, 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று போட்டது. 'சுதந்திரம்' என்பதற்கு முன்னால் 'தனிமனித' என்று ஒரு சொல்லையும் சேர்த்தது. 1948 பிப்ரவரி வரைவில் அந்தப் பிரிவுக்கு அடிக்குறிப்பு இருக்கிறது. இந்தச் சொற்றொடர் இன்னும் திட்டவட்டமாக இருக்கிறது என்று சொல்லி, 1946-ஆம் வருட ஜப்பான் அரசியலமைப்பின் 31-வது பிரிவைக் காட்டுகிறார்கள். ராவ் ஜப்பானுக்குப் போகவே இல்லை. புத்தகமாக வந்து மேசைமேல் இருந்த வரி அது. வாஷிங்டனில் கேட்ட அறிவுரைக்கு, டோக்கியோவில் எழுதின சொல் பொருத்தமாகக் கிடைத்தது. உங்கள் அட்டவணையில் 'ஜப்பான்' என்று ஒரு சொல்லாக இருப்பதற்குள் இவ்வளவு இருக்கிறது.

ராவ் கொண்டுவந்த எல்லாவற்றையும் குழு எடுத்துக்கொள்ளவும் இல்லை. அரசு பின்பற்ற வேண்டிய நெறிமுறைக் கோட்பாட்டை நிறைவேற்றப் போடும் சட்டம் அடிப்படை உரிமையோடு மோதினால் கோட்பாடே மேலோங்க வேண்டும் என்று ஒரு திருத்தம் சொல்லிப் பார்த்தார். குழு ஏற்கவில்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு இரவல் வாங்கினார்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தாத்தாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அவருடைய வருத்தத்தை 1949 நவம்பரில் சபையிலேயே மைசூரைச் சேர்ந்த கே. ஹனுமந்தையா சொல்லியிருக்கிறார். வீணையோ சிதாரோ கேட்க விரும்பினோம், இங்கே இங்கிலீஷ் பேண்ட் வாசிக்கிறது என்றார். அவ்வளவு பெரிய சபையில் அதைச் சொல்ல இடம் இருந்தது, பதிவும் ஆகியிருக்கிறது.


யோகோஹாமா தமிழன்:

மேடம் எழுதினதைப் படித்ததும் ஜப்பான் பக்கத்தைச் சொல்லத் தோன்றியது. 14 வருடமாக இங்கே இருக்கிறேன்.

அந்த 31-வது பிரிவு ஜப்பானியர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதினது இல்லை. 1946 பிப்ரவரி தொடக்கத்தில், டோக்கியோவில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் தலைமையகத்தில் இருந்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரைவை எழுதி முடித்து, 13-ஆம் தேதி ஜப்பான் அரசிடம் கொடுத்தார்கள். அரண்மனை அகழிக்கு எதிரே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடம் அது. முகப்பு இன்றும் நிற்கிறது, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப் போய்க் காட்டுவேன். எழுதினவர்களில் பியாட்டே சிரோட்டா என்ற 22 வயதுப் பெண்ணும் ஒருவர். சிறு வயதில் டோக்கியோவில் வளர்ந்தவர். ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு நகரத்து நூலகங்களில் ஏறி இறங்கி, பல நாட்டு அரசியலமைப்புகளை அள்ளிக்கொண்டு வந்தார். பெண்களுக்குச் சம உரிமை தரும் பிரிவு அவர் கையால் வந்தது. பி. என். ராவ் உலக நாட்டுச் சட்டங்களைத் தொகுத்தார் என்று படித்ததும் எனக்கு அந்த ஜீப்தான் ஞாபகம் வந்தது. ஏறத்தாழ அதே காலம், வேறொரு நகரம்.

ஆக அமெரிக்கர்களே ஜப்பானுக்கு எழுதும்போது, தங்கள் ஊர் 'டியூ ப்ராசஸ்' என்ற சொல்லைப் போடவில்லை. உயிர், சுதந்திரம் இரண்டும் இருக்கிறது, சொத்து அந்தப் பிரிவில் இல்லை. சொத்துக்குத் தனிப் பிரிவு, 29. நம் 21-லும் சொத்து இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜப்பானிய மொழியில் அந்தச் சொற்றொடர் 'ஹோரிட்சு நோ சதமேரு தெட்சுசுகி'. சட்டம் வரையறுக்கும் நடைமுறை, அவ்வளவுதான். மே 3 இங்கே அரசியலமைப்பு நாள், விடுமுறை. இதுவரை அதில் ஓர் எழுத்துகூடத் திருத்தப்படவில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த 31-க்குப் பின்னால் 40 வரைக்கும் வரிசையாகப் பாதுகாப்புப் பிரிவுகள் இருக்கின்றன. கைதுக்கு வாரண்ட், குற்றச்சாட்டை உடனே சொல்லுதல், வக்கீல் வைக்கும் உரிமை, சோதனைக்குக் கட்டுப்பாடு என்று. இவ்வளவு இருந்தும் குற்றப்பத்திரிகைக்கு முன்னால் 23 நாள் வரை ஒருவரை உள்ளே வைத்திருக்க முடிகிறது என்பது இங்கே பெரிய விவாதம்.


விருதுநகர் வாசகி:

மேடம், அண்ணா, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பயிற்சியாளர் சாருக்கும் நன்றி, 42-வது திருத்தத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இதைப் படித்ததும் இன்னொரு கேள்வி. ஜப்பானில் 31-க்குப் பின்னால் அத்தனை பாதுகாப்புப் பிரிவுகள் இருக்கின்றன என்றால், நாம் 31-ஐ மட்டும் எடுத்துக்கொண்டோமா? மற்றவற்றை ஏன் எடுக்கவில்லை? சபையில் யாருமே கேட்கவில்லையா?


மதுரை வக்கீல்:

கேட்டார்கள் மா. இந்தக் கேள்வியை நீங்களாகவே பிடித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

1948 டிசம்பர் 6. சென்னை மாகாணத்திலிருந்து போன முஸ்லிம் லீக் உறுப்பினர் மஹபூப் அலி பேக் எழுந்து இதையேதான் கேட்டார். ஜப்பானின் 31-வது பிரிவைக் காட்டுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் காவலாக இருக்கிற மற்றப் பிரிவுகளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று. 24 வருடத்தில் நான் படித்த சபைப் பேச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று அது. பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வரைவுக் குழுவில் இருந்த கே. எம். முன்ஷியே டியூ ப்ராசஸ் வேண்டும் என்று பேசினார். எதிர்ப்பக்கம் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். சென்னையில் 15 வருடம் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். அந்தச் சொல்லுக்கு அமெரிக்க நீதிமன்றம் காலத்துக்கு ஒரு பொருள் சொல்லியிருக்கிறது, சமூகச் சட்டங்களுக்கு அது தடையாகும் என்றார். டிசம்பர் 13 அன்று அம்பேத்கர் முடித்துவைத்துப் பேசினார். கட்சிக்காரர்கள் நிரம்பிய சட்டமன்றம் அடிப்படை உரிமையை மிதிக்கும் சட்டம் போடலாம். அதே சமயம் உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேர் தங்கள் மனச்சாய்வை விட்டுவிட்டுத்தான் தீர்ப்பளிப்பார்கள் என்றும் நம்ப முடியவில்லை. பாறைக்கும் நீர்ச்சுழிக்கும் நடுவே படகு ஓட்டுவது போன்ற நிலை இது என்று சொல்லி, முடிவைச் சபைக்கே விட்டுவிட்டார். திருத்தங்கள் தோற்றன.

ஆனால் அதோடு விடவில்லை. 1949 செப்டம்பர் 15 அன்று அம்பேத்கர் புதிய பிரிவு ஒன்றைக் கொண்டுவந்தார், இன்றைய 22. முந்தைய பிரிவில் சபையின் பெரும்பகுதிக்குத் திருப்தி இல்லை, அதற்கு ஈடாக இது என்று வெளிப்படையாகச் சொன்னார். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீல் வைக்கலாம், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பேக் கேட்டதில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வந்தது. ஆனால் அதே 22-க்குள் தடுப்புக் காவலும் வந்து உட்கார்ந்தது. குற்றம் செய்யாதவரையும், செய்துவிடுவார் என்று சொல்லி அமைதிக் காலத்திலேயே உள்ளே வைக்கலாம்.

இது எந்த நாட்டிலிருந்து வந்தது? உங்கள் அட்டவணையில் இதற்கும் கட்டம் கிடையாது. விசாரணை இல்லாமல் ஆளை அடைத்துவைக்கச் சென்னையில் கம்பெனி ஆட்சி 1819-லேயே ஒரு ஒழுங்குவிதி போட்டிருந்தது, வங்காளத்தில் 1818-ல். அந்தச் சபையில் உட்கார்ந்திருந்த பலர் அப்படி விசாரணை இல்லாமல் சிறையில் இருந்தவர்கள். உங்கள் தாத்தாவிடம் எனக்கு விவாதம் செய்ய இருப்பது இந்த இடத்தில்தான். வாஷிங்டனிலிருந்தும் டப்ளினிலிருந்தும் கேட்டு வாங்கினதை வெளிச்சத்தில் வைத்து வாங்கினார்கள், அடிக்குறிப்பு போட்டார்கள், சண்டை போட்டார்கள். வீட்டுக்குள்ளேயே வெள்ளைக்காரன் விட்டுப்போனதைத்தான் போதுமான அளவு சோதிக்காமல் வைத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

விளைவு உடனே தெரிந்தது. 1950-ல் ஏ. கே. கோபாலன் வழக்கு, எதிர்மனுதாரர் சென்னை மாநிலம். 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர். 'சட்டம் வகுத்த நடைமுறை' என்றால் சட்டமன்றம் போட்ட நடைமுறைதான், அது நியாயமா என்று கேட்க முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி ஃபசல் அலி உடன்படவில்லை. அறிவிப்பு, விசாரணை, நடுநிலையான தீர்ப்பாயம் இவை இல்லாதது நடைமுறையே இல்லை என்று எழுதினார். 28 வருடம் ஆயிற்று. 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், மனம்போன போக்கில் இருக்கக் கூடாது என்றது. அரசியலமைப்பில் ஒரு சொல்கூட மாறவில்லை. எடுத்துப்போட்ட டியூ ப்ராசஸ் அர்த்தமாகத் திரும்பி உள்ளே வந்துவிட்டது. இடையில் நெருக்கடி நிலை வந்து போனதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

அப்புறம், பாதுகாப்பு எங்கே என்று கேட்டீர்களே. ஒரு வழக்கைச் சொல்லி முடிக்கிறேன். மேலூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனுக்கு 22 வயது, சென்ட்ரிங் வேலை. குண்டர் சட்டத்தில் உள்ளே. 1982-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம், ஒரு வருடம் வரை வைக்கலாம். உத்தரவோடு கொடுத்த புக்லெட்டை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். புரட்டிப் பார்த்தால் முக்கியமான மூன்று ஆவணங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன, தமிழாக்கம் இல்லை. அந்தப் பையனுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். எதற்காகப் பிடித்தார்கள் என்றே படிக்க முடியாதவன், அதை எதிர்த்து எப்படி முறையிடுவான்? பிரிவு 22 அவனுக்குத் தருகிற உரிமை காகிதத்தில் நின்றுவிடுகிறது. காரணங்களை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லியிருக்கிறது. அதை வைத்துத்தான் வாதாடினேன். உத்தரவு ரத்தானது.

ஆனால் அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. ஏழு மாதம் அந்த அம்மா வாரம் தவறாமல் பேருந்து ஏறி வந்தார். பேக் அன்று கேட்டதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

நேரம் கிடைத்தால் சபை விவாதங்களின் ஏழாவது தொகுதியில் அந்த இரண்டு நாள் பேச்சையும் படியுங்கள், டிசம்பர் 6, டிசம்பர் 13. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் கடினம் இல்லை, பேச்சுத்தானே.


விருதுநகர் வாசகி:

மேடம், இரண்டு நாளாகப் படித்தேன். நேற்று தாத்தாவுக்கு மஹபூப் அலி பேக் பேசினதை வாசித்து, எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். நடுவில் நிறுத்தி, "அந்தத் திருத்தம் தோற்றுவிட்டதா?" என்று இரண்டு முறை கேட்டார். அம்பேத்கர் 1949 செப்டம்பரில் பேசினதையும் கேட்க வேண்டுமாம். இன்றைக்கு அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கடையில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.